மீன், கழுதை, திமிங்கலம்: அந்த மேசையில உங்க பேரு என்ன?

கம்பம் பள்ளத்தாக்குல மாட்டு வண்டிப் பந்தயம் பார்த்தவங்களுக்கு இந்தப் பேர் எதுவும் புதுசு இல்ல. தட்டான்சிட்டு, தேன்சிட்டு, பூஞ்சிட்டு, கரிச்சான், நடுமாடு, பெரியமாடு. மாட்டோட அளவைப் பார்த்துப் பிரிக்கிற பந்தயப் பிரிவுகள். ஒரு மாட்டுக்குத் தட்டான் பேரையும் சிட்டுக்குருவி பேரையும் வைக்கணும்னா, அதுமேல எவ்வளவு ஆசை இருந்திருக்கணும்!

போக்கர்ல இது அப்படியே தலைகீழ். அங்க மனுஷனுக்கு மிருகப் பேரு. ஆசையில வச்ச பேரு இல்ல, எவ்வளவு கறி தேறும்னு கணக்குப் போட்டு வச்ச பேரு.

உங்க வாட்ஸ்அப்புக்கோ டெலிகிராமுக்கோ எப்பவாவது ஒரு லிங்க் வந்திருக்கும். "ப்ரோ, சிம்பிள் கேம். ரம்மி தெரிஞ்சா இதுவும் ஒரு நாள்ல வந்துரும். மண்டை இருக்கிறவன் சம்பாதிக்கலாம். நீ இன்ஜினியரிங் ஸ்டூடண்ட்தானே?" அப்படி வந்தா, முதல்ல ரூல்ஸைப் படிக்காதீங்கன்னுதான் நான் சொல்லுவேன். ஆடுறவங்க தங்களுக்குள்ள பேசிக்கிற வார்த்தைகளைப் படிங்க. எப்படி ஜெயிக்கிறதுன்னு ரூல்ஸ்ல இருக்கும். யாரு தோக்கப்போறாங்கன்னு அந்தப் பேச்சுலதான் இருக்கு.

ஆட்டம் என்னன்னு ரெண்டு வரியில சொல்லிடறேன். டெக்சாஸ் ஹோல்டெம்னு சொல்ற வகைதான் இன்னைக்கு எல்லாரும் ஆடுறது. கையில ரெண்டு சீட்டு, அது உங்களுக்கு மட்டும் தெரியும். மேசையில எல்லாருக்கும் பொதுவா அஞ்சு சீட்டு. முதல்ல மூணு விழும், அதுக்குப் பேரு ஃப்ளாப். அடுத்த ஒண்ணு டர்ன். கடைசி ஒண்ணு ரிவர். ஒவ்வொரு கட்டத்துலயும் பணம் வைக்கலாம், ஏத்தலாம், இல்லன்னா கையைக் கீழ போட்டுட்டு ஒதுங்கலாம். (நமக்கு ரிவர்னா முல்லைப் பெரியாறு. 1895-ல பென்னிகுவிக் கட்டி முடிச்ச அணை கிழக்கே திருப்பி விட்ட தண்ணியிலதான் நம்ம பள்ளத்தாக்கே வாழுது. அவங்க ரிவர்ல முக்கால்வாசிப் பேரு மூழ்குறதுதான் நடக்கும்.)

இப்ப பேருக்கு வருவோம்.

ஃபிஷ். மீன். ஆட்டம் சரியாத் தெரியாம, பணத்தோட வந்து உட்கார்ந்திருக்கிற ஆளு. இதோட இன்னும் கொஞ்சம் மரியாதை கெட்ட வடிவம் டாங்கி, சுருக்கமா டாங்க். கழுதை. தப்பான நேரத்துல தப்பான பணத்தை வைக்கிறவன். அதே ஆளுகிட்ட நிறையப் பணம் இருந்து, தோத்தாலும் கவலைப்படாம மறுபடி மறுபடி கொண்டு வந்து கொட்டினா அவருக்கு வேல்னு பேரு, அதாவது திமிங்கலம். இவங்களைத் தின்னு வாழ்றவன் ஷார்க். கவனிச்சீங்களா, மொத்தமும் கடல். யாரு யாரைத் தின்பாங்கங்கிறது பேரு வைக்கும்போதே முடிவாகிடுச்சு.

இன்னும் இருக்கு. நிட்னு ஒரு பேரு, ரொம்ப நல்ல கை வந்தாத்தான் பணம் எடுப்பான், மத்தபடி தொட மாட்டான். நம்ம ஊர்ல கஞ்சன்னு சொல்லுவோம். ராக்னு சொல்றதும் கிட்டத்தட்ட அதே ஆளைத்தான். மேனியாக், கண்ணை மூடிட்டு ஏத்திக்கிட்டே போறவன். காலிங் ஸ்டேஷன், இது எனக்குப் பிடிச்ச பேரு. ஏத்தவும் மாட்டான், விடவும் மாட்டான், நீங்க எவ்வளவு வச்சாலும் "சரி, நானும்"னு கூடவே வருவான். என்ன கைன்னு பார்த்துடணும்கிற ஆசை. அவன்கிட்ட பொய் சொல்லிப் பயமுறுத்த முடியாது, ஆனா நல்ல கை வரும்போது அவன் பாக்கெட்டைக் காலி பண்ணிடலாம். கிரைண்டர், மாவரைக்கிற மாதிரி தினமும் மணிக்கணக்கா உட்கார்ந்து கொஞ்சம் கொஞ்சமாச் சேர்க்கிறவன். ரெக், அதாவது அந்த மேசைக்குத் தினம் வர்ற வாடிக்கைக்காரன்.

இதுல கிரைண்டரும் ரெக்கும் மட்டும்தான் மனுஷன் செய்யிற வேலையோட பேரு. கொஞ்சமாவது மிச்சம் பண்றது அவங்கதான். மிருகப் பேரு வாங்கினவங்கள்ல ஷார்க்கைத் தவிர யாருக்கும் மிச்சம் கிடையாது.

நம்ம ஊர்ச் சீட்டாட்டத்துக்கும் சொந்தமா ஒரு பேச்சு உண்டுதான். இஸ்பேட், ஆர்ட்டின், டைமன், கிளாவர். துருப்பு. அந்தத் துருப்புச் சீட்டு இப்ப சீட்டாடத் தெரியாத அரசியல் கட்டுரையாளர்கள் கையிலதான் அதிகம் இருக்கு. மங்காத்தாவுல உள்ளே, வெளியே. பேப்பர்ல மாசம் ரெண்டு தடவை வர்ற வெட்டு சீட்டு. அப்புறம், ஏமாறத் தயாரா வந்து உட்கார்றவனுக்கு நம்ம வச்சிருக்கிற பேரு ஆடு. "ஆடு சிக்கிருச்சு"ன்னு சொன்னா யாருக்கும் விளக்க வேண்டியதில்ல. ஃபிஷ்ஷுக்கு இதைவிடச் சரியான தமிழ் கிடையாது.

அப்ப நம்ம ஊரு மட்டும் யோக்கியமான்னு கேட்பீங்க. இல்ல. ஆனா ஒரு வித்தியாசம் இருக்கு. தோப்புலயோ மந்தையிலயோ உட்கார்ந்து ஆடும்போது அந்த ஆட்டுக்கு ஒரு முகம் இருந்துச்சு. அவன் எந்தத் தெரு, அவனுக்கு எத்தனை பிள்ளைங்க, திராட்சை வித்த காசா, கூலிக் காசான்னு எதிர்ல உட்கார்ந்தவனுக்குத் தெரியும். போதும் எந்திரின்னு சொல்ல ஒரு பெரியவர் இருப்பார். அவன் வீட்டம்மா வந்து சீட்டைப் பிடுங்கி எறிஞ்சா அன்னைக்கு ஆட்டம் க்ளோஸ். இதையெல்லாம் மீறியும் நாசமாப் போனவங்க உண்டு, அதை மறைக்கல. ஆனா குறுக்க விழ நாலு பேரு இருந்தாங்க.

ஆன்லைன் மேசையில உங்க முகம் கிடையாது. ஒரு யூசர்நேம், ஒரு கார்ட்டூன் படம். பழகினவங்க உங்க பேரு பக்கத்துல ஒரு கலர் புள்ளி வச்சுக்குவாங்க, குறிப்பு எழுதி வச்சுக்குவாங்க. அந்த வசதியை ஆப்பே குடுக்கும். "எதுக்கும் கால் பண்ணுவான்", "ரிவர்ல மிரட்டினா ஓடிடுவான்". அடுத்த தடவை நீங்க உள்ள வந்ததும் அந்தப் புள்ளி அவங்க ஸ்கிரீன்ல தெரியும். உங்களுக்குத் தெரியாது. வி.பி.ஐ.பி.ன்னு ஒரு அளவு இருக்கு. நூறு கையில எத்தனை கைக்கு நீங்களா விரும்பிப் பணம் வச்சீங்கங்கிற சதவீதம். ஆறு பேர் மேசையில நல்லா ஆடுறவனுக்கு அது சுமார் 20, 25-ல நிக்கும். 50-ஐத் தாண்டினா நீங்க மீன். அதாவது உங்களைப் பத்தின டேட்டா ஷீட் எதிராளிகிட்ட இருக்கு, நீங்க "இன்னைக்கு லக் இருக்கு"ன்னு ஆடிட்டிருக்கீங்க.

அடுத்து, ஆட்டத்துக்குள்ள நடக்கிறதுக்கான வார்த்தைகள். டில்ட்டுன்னு ஒண்ணு. இது பின்பால் மெஷின்ல இருந்து வந்தது. கோபத்துல மெஷினைப் பிடிச்சு ஆட்டினா, டில்ட்டுன்னு எழுத்து எரிஞ்சு ஆட்டம் நின்னுடும். போக்கர்ல ஒரு பெரிய கையைத் தோத்த கடுப்புல, அடுத்த பத்து கையை யோசிக்காம ஆடுறதுக்கு அந்தப் பேரு. ஆனா இங்க மெஷின் நிக்காது. நீங்க எவ்வளவு ஆட்டினாலும் "ஆட் கேஷ்" பட்டன் வேலை செஞ்சுக்கிட்டேதான் இருக்கும்.

பேட் பீட். ஜெயிக்க வேண்டிய கையில தோக்கிறது. இங்கதான் நம்ம ப்ராபபிலிட்டி சிலபஸ் உதவிக்கு வருது. கையில ரெண்டு ஏஸ் வர்றது 221 தடவைக்கு ஒரு தடவை. ஆறு பேர் மேசையில மணிக்கு 60 கைன்னு வச்சுக்கிட்டா, மூணே முக்கால் மணி நேரம் உட்கார்ந்தா ஒரு தடவை வரும். எதிராளிகிட்ட ரெண்டு ராஜா. ரெண்டு பேரும் மொத்தப் பணத்தையும் நடுவுல தள்ளியாச்சு. உங்களுக்கு ஜெயிக்க சுமார் 82 சதவீத வாய்ப்பு. சூப்பர். இதே மாதிரி அஞ்சு தடவை அமைஞ்சா அஞ்சுலயும் ஜெயிக்க வாய்ப்பு எவ்வளவு? 0.82-ஐ அஞ்சு தடவை பெருக்குங்க. சுமார் 37 சதவீதம். அதாவது இதைவிட நல்ல கை வரவே வராதுங்கிற நிலைமையில, எந்தத் தப்பும் பண்ணாம ஆடினாலும், அஞ்சுல ஒண்ணாவது கையை விட்டுப் போறதுக்குத்தான் வாய்ப்பு அதிகம். இந்த ஏத்த இறக்கத்துக்கு வேரியன்ஸ்னு பேரு. கிரைண்டர் இதுக்குன்னு தனியாப் பணம் ஒதுக்கி வச்சிருப்பான், அதுக்கு பேங்க்ரோல்னு பேரு. உங்ககிட்ட இருக்கிறது பேங்க்ரோல் இல்ல, மெஸ் பில்.

எல்லாத்தையும் விட முக்கியமான வார்த்தை ரேக். ஒவ்வொரு கையிலயும் நடுவுல சேர்ற பணத்துல மேசை நடத்துறவன் எடுத்துக்கிற பங்கு. நம்ம ஊர் கிளப்புல இதைக் கமிஷன்னு சொல்லுவாங்க. அஞ்சு சதவீதம்னா யாருக்கும் பெருசாத் தெரியாது. கணக்குப் போட்டுப் பாருங்க. ஆறு பேரு, ஆளுக்கு 500 ரூபாய், மொத்தம் 3,000. சராசரியா ஒரு கைக்கு நடுவுல 100 ரூபாய் சேருது, அதுல 5 ரூபாய் ரேக். மணிக்கு 60 கை. மணிக்கு 300 ரூபாய் போயிடுச்சு. அதே வேகத்துல போனா பத்து மணி நேரத்துல மேசையில இருந்த 3,000 ரூபாயும் மேசைக்காரன்கிட்ட. ஆறு பேரும் சமமான திறமைசாலிகள்னு வச்சுக்கிட்டாலும் முடிவு இதுதான். எனக்கு இது மீன் தொட்டி மாதிரி கூடத் தெரியல, ஓட்டை விழுந்த தொட்டி மாதிரி தெரியுது. புதுசா மீன் வந்துக்கிட்டே இருந்தாத்தான் உள்ள இருக்கிற ஷார்க்கும் பிழைக்கும். உங்களுக்கு லிங்க் எதுக்கு வந்துச்சுன்னு இப்ப புரியுதா?

இது போக வரி. 2023 ஏப்ரல்ல இருந்து நிகரமா ஜெயிச்ச தொகையில 30 சதவீதம் டி.டி.எஸ். அதே வருஷம் அக்டோபர்ல உள்ள போட்ட பணத்து மேல 28 சதவீதம் ஜி.எஸ்.டி. வந்துச்சு. "மண்டை இருக்கிறவன் சம்பாதிக்கலாம்"னு சொன்ன ப்ரோ இந்த எக்செல் ஷீட்டைக் காட்டியிருக்க மாட்டார்.

இப்ப என் வாதத்துக்கு வர்றேன். போக்கர் ஆடுறவங்களோட இந்த கொச்சைப் பேச்சு அசிங்கமா இருக்கலாம், ஆனா அதுல பொய் கிடையாது. மீனை மீன்னு சொல்லுது, ரேக்கை ரேக்னு சொல்லுது. பொய் எல்லாம் ஆப்போட மொழியிலதான். அங்க நீங்க மீன் கிடையாது, "பிளேயர்", "சாம்பியன்", "வி.ஐ.பி." நீங்க பணத்தை இழக்கிறது இல்ல, "ஆட் கேஷ்" பண்றீங்க. தூண்டில்ல மாட்டுற புழுவுக்கு "வெல்கம் போனஸ்"னு பேரு. திருக்குறள்ல சூதுக்குன்னு தனி அதிகாரம் இருக்கு, 94-வது. அதோட முதல் குறள்லயே தூண்டில் மீன் வருது. பள்ளிக்கூடத்துல மனப்பாடம் பண்ணிட்டு விட்டிருப்போம். இப்ப திரும்பப் பாருங்க. வள்ளுவர் தூண்டிலை விழுங்கின மீன்னு சொல்றது தோத்தவனை இல்ல, ஜெயிச்சவனை. முதல் வாரம் ஜெயிச்ச அந்த 400 ரூபாயைத்தான்.

ஆப்புக்காரங்களோட பெரிய தூண்டில், ஒரு அமெரிக்கக் கணக்காளர். கிரிஸ் மணிமேக்கர், பேரே அதுதான். 2003-ல 86 டாலர் ஆன்லைன் போட்டி வழியா நுழைஞ்சு, போக்கர் உலகத் தொடரோட பெரிய போட்டியில 25 லட்சம் டாலர் ஜெயிச்சார். நடந்த கதைதான். அதுக்கப்புறம் வந்த அத்தனை விளம்பரமும் அந்த ஒருத்தர் கதையைத்தான் வேற வேற முகத்தோட சொல்லிச்சு. அன்னைக்கு அந்தப் போட்டியில மட்டும் 839 பேர் ஆடினாங்க. மத்த 838 பேரு பேரு உங்களுக்குத் தெரியுமா?

"சரி, ஆனா இது திறமை விளையாட்டுதானே? கோர்ட்டே சொல்லியிருக்கே?" இந்தக் கேள்வி கண்டிப்பா வரும், நியாயமான கேள்வியும்கூட. 1968-லயே உச்ச நீதிமன்றம் ரம்மியைத் திறமை சார்ந்த ஆட்டம்னு சொல்லிடுச்சு. நம்ம மாநிலத்துல நடந்த இழுபறி ஒரு தொடர்கதை. 2020 நவம்பர்ல அவசரச் சட்டம், 2021 பிப்ரவரியில சட்டம், அதே ஆகஸ்ட்ல சென்னை உயர் நீதிமன்றம் ரத்து. 2022-ல ஓய்வு பெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில குழு, மறுபடி சட்டமுன்வடிவு, ஆளுநர் திருப்பி அனுப்பினார், 2023 மார்ச்ல சட்டமன்றம் மறுபடி நிறைவேத்துச்சு, ஏப்ரல்ல சட்டமாச்சு. அதுல அட்டவணை போட்டு ரம்மியும் போக்கரும் அதிர்ஷ்ட விளையாட்டுன்னு எழுதியிருந்தாங்க. 2023 நவம்பர்ல உயர் நீதிமன்றம் சட்டம் செல்லும், ஆனா அந்த அட்டவணை செல்லாதுன்னு சொல்லிடுச்சு. 2025 பிப்ரவரியில வந்த விதிமுறையில, நள்ளிரவு 12 மணியில இருந்து காலை 5 மணி வரைக்கும் பணம் வச்சு ஆடக் கூடாது, ஆதார் சரிபார்ப்பு வேணும்னு வந்துச்சு. கம்பெனிகள் வழக்குப் போட்டாங்க, ஜூன்ல அதை நீதிமன்றம் ஏத்துக்கல.

ராத்திரி 12-ல இருந்து 5. ஹாஸ்டல்ல இருக்கிறவங்களுக்கு அந்த நேரம் ஏன்னு விளக்கணுமா?

நான் திறமை வாதத்தை மறுக்கப்போறது இல்ல. போக்கர் திறமை விளையாட்டுதான்னே வச்சுக்குவோம். பிளஃப் பண்றதைக் கணிதமாக்கினவர் ஜான் வான் நாய்மன். கேம் தியரியோட அடித்தளத்துல போக்கர் இருக்கு. 2017-ல கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தோட லிப்ராட்டஸ்ங்கிற புரோகிராம், நாலு தொழில்முறை ஆட்டக்காரங்களை 1,20,000 கைகள் ஆடித் தோக்கடிச்சது. 2019-ல ப்ளூரிபஸ் ஆறு பேர் ஆட்டத்துலயே ஜெயிச்சது. அதைத் தயார் பண்ண ஆன கம்ப்யூட்டிங் செலவு 150 டாலருக்கும் கீழன்னு அதை உருவாக்கினவங்களே எழுதியிருக்காங்க. ப்ராஜெக்டுக்கு இதைவிட அழகான தலைப்பு கிடைக்காது. ஒரு பைத்தான் ஃபைல், ஒரு சின்ன மூணு சீட்டு போக்கர் மாடல், ஒரு பைசா வைக்காம எழுதிப் பாருங்க, கேம் தியரி புக்ல பாதி புரிஞ்சிடும்.

ஆனா திறமைன்னு ஒத்துக்கிட்டா, அதோட அடுத்த வரியையும் ஒத்துக்கணும். முழுக்க அதிர்ஷ்டம்னா, புதுசா வர்றவனுக்கும் பழகினவனுக்கும் வாய்ப்பு சமம். திறமைன்னா, திறமை குறைஞ்சவன் பணம் திறமை உள்ளவன்கிட்ட போயே தீரும். இன்னைக்கு இல்லன்னா நாளைக்கு. "இது திறமை விளையாட்டு"ங்கிறதை ஆப் உங்களைக் கூப்பிடுறதுக்காகச் சொல்லுது. எனக்கு அது எச்சரிக்கைப் பலகை மாதிரி கேக்குது. ஸ்டேட் லெவல் பிளேயர்கூட 500 ரூபாய் பந்தயம் வச்சு பேட்மிண்டன் ஆடுவீங்களா? எதிர்ல இருக்கிறது மனுஷனா புரோகிராமான்னுகூடத் தெரியாத இடத்துல?

இன்னொரு வாதம் எங்க பக்கத்துப் பசங்க வைக்கிறது. "விவசாயமே சூதுதானே ப்ரோ. போடி ஏலக்காய் ஏலத்தைப் போய்ப் பாரு, பட்டனைத் தட்டித் தட்டி விலை ஏத்துறாங்க. இன்னைக்கு ஏறும், நாளைக்கு விழும். திராட்சை பறிக்கிற அன்னைக்கு மழை வந்தா கதை முடிஞ்சது." இதைச் சும்மா தள்ளிவிட முடியாது. மாட்டுச் சந்தையில துண்டுக்குள்ள கையை விட்டு விரலைப் பிடிச்சு விலை பேசுறதைப் பார்த்தா, அதுவும் சீட்டை மறைச்சு வச்சு ஆடுற ஆட்டம்தான். எதிராளி முகத்தைப் படிக்கிறது, கடைசி விலையைக் காட்டாம இருக்கிறது, எழுந்து போற மாதிரி நடிக்கிறது, எல்லாம் அதேதான். நம்ம தாத்தாக்கள் அருமையா பிளஃப் பண்ணியிருக்காங்க.

ஆனா ஏலம் முடிஞ்சதும் அங்க ஒரு மூட்டை ஏலக்காய் இருக்கு. யாரோ ஒருத்தர் டீயில போடுறதுக்கு அது போகும். விலை எவ்வளவு ஆடினாலும், பள்ளத்தாக்குல இருந்து ஜீப் ஏறி மலைக்குப் போய்ப் பறிச்சவங்களுக்குக் கூலி, வித்தவருக்குக் காசு, வாங்கினவருக்குச் சரக்கு. மாட்டுச் சந்தையில மாடு கை மாறுது. போக்கர் மேசையில ஆட்டம் முடிஞ்சதும் புதுசா எதுவுமே இருக்காது. இருந்த பணம் இடம் மாறியிருக்கும், ரேக் அளவுக்குக் குறைஞ்சிருக்கும். விவசாயத்துல ஆபத்து இருக்கு, அதுக்காக அது சூதாகிடாது.

இப்ப நிலைமை என்ன? 2025 ஆகஸ்ட்ல நாடாளுமன்றம் இணையவழி விளையாட்டு ஊக்குவிப்பு மற்றும் ஒழுங்குமுறைச் சட்டத்தை நிறைவேத்துச்சு. 20-ம் தேதி மக்களவை, 21-ம் தேதி மாநிலங்களவை, 22-ம் தேதி குடியரசுத் தலைவர் ஒப்புதல். திறமையா அதிர்ஷ்டமாங்கிற கேள்வியையே அது தூக்கிப் போட்டுடுச்சு. பணம் கட்டி, பணம் ஜெயிக்கலாம்னு ஆடுற ஆன்லைன் ஆட்டம் எதையும் நடத்தக் கூடாது. நடத்தினா மூணு வருஷம் வரைக்கும் சிறை, ஒரு கோடி வரைக்கும் அபராதம். விளம்பரம் பண்ணினா ரெண்டு வருஷம் வரைக்கும், 50 லட்சம் வரைக்கும். ஆடுறவருக்கு அந்தச் சட்டத்துல தண்டனை இல்ல. பெரிய கம்பெனிகள் அந்த வாரமே பண ஆட்டத்தை நிறுத்திட்டாங்க. வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போயிருக்கு.

அப்ப பிரச்சினை தீர்ந்துச்சான்னா, நம்ம மாவட்டத்துக்காரங்களுக்கு அந்தப் பதில் தெரியும். தமிழ்நாட்டுல லாட்டரியைத் தடை பண்ணினது 2003 ஜனவரியில. லோயர் கேம்ப்ல இருந்து மலைப்பாதை ஏறினா குமுளி, அங்க கேரள லாட்டரி சட்டப்படி விக்குது. தடை வந்து இருபது வருஷத்துக்கு மேல ஆகியும் அந்தச் சீட்டு இந்தப் பக்கம் இறங்கிக்கிட்டேதான் இருக்கு. மூணு நம்பர் லாட்டரின்னு அதுமேல தனி வியாபாரம் வேற. சட்டம் வேண்டாம்னு நான் சொல்லல. லாட்டரித் தடையால தப்பிச்ச குடும்பங்கள் நிறைய. ஆனா சோதனைச் சாவடியில பையைத் திறந்து பார்க்கலாம், டெலிகிராம் குரூப்பைத் திறந்து பார்க்க முடியாது. வெளிநாட்டுல சர்வர், இங்க ஒரு ஏஜென்ட், யூ.பி.ஐ.ல பணம். ரேக் எவ்வளவுன்னு எங்கயும் எழுதியிருக்காது. ஜெயிச்ச பணம் வரலன்னா யார்கிட்டயும் போய்க் கேக்க முடியாது. உங்க வீட்டு ஆதாரும் பேங்க் நம்பரும் யார்கிட்ட இருக்குன்னும் தெரியாது.

அதனாலதான் இந்த வார்த்தைகள் தெரிஞ்சிருக்கணும்னு நினைக்கிறேன். லிங்க் அனுப்புறவர் "டெபாசிட் பண்ணினா டபுள்"னு சொல்லும்போது, மேசைக்குப் புது மீன் பிடிக்கிறார்னு உங்க காதுல விழணும். ரூம்மேட் ராத்திரி ரெண்டு மணிக்கு "விட்டதைப் பிடிச்சுட்டுப் படுத்துடறேன்"னு சொன்னா, அதுக்கு சேஸிங்னு ஒரு பேரு இருக்கு, டில்ட்டுக்கு அடுத்த கட்டம் அதுதான், கடன் ஆப் டவுன்லோட் ஆகுறது அதுக்கும் அடுத்த கட்டம். அந்த நேரத்துல அவர்கிட்ட ப்ராபபிலிட்டி பேசாதீங்க, மண்டையில ஏறாது. போனை வாங்கி வச்சுட்டு டீ குடிக்கக் கூட்டிட்டுப் போங்க. காலையில எவ்வளவு போச்சுன்னு கேளுங்க, திட்டாம கேளுங்க. பெரும்பாலும் முதல்ல சொல்ற தொகை உண்மையான தொகையா இருக்காது.

பணம் ஏமாத்தப்பட்டிருந்தா சைபர் குற்றப் புகார் எண் 1930, எவ்வளவு சீக்கிரம் கூப்பிடுறீங்களோ அவ்வளவு நல்லது. கடன், பயம், வீட்டுல எப்படிச் சொல்றதுங்கிற யோசனையில ஒருத்தர் ஒடுங்கிப் போயிருந்தா டெலிமனஸ் 14416, தமிழ்லயே பேசுவாங்க, எந்த நேரமும் எடுப்பாங்க, காசு கிடையாது. மாநிலத்தோட 104-ம் இருக்கு. இந்த மூணு நம்பரையும் இப்பவே போன்ல போட்டு வைங்க. உங்களுக்கு வேணாம்னா பக்கத்து ரூமுக்கு வேணும்.